கல்லாவில் உட்கார மாட்டேன்

பிப்ரவரி 3

வண்டி அனுப்புகிறோம் என்றுதான் சொன்னார்கள். வந்தது துருப்பிடித்த ஒரு சட்டமும், காற்றில்லாத நான்கு டயரும், உதிரிகள் அடைத்த ஒரு சாக்கும். மேல்கரை பங்களாவின் தோட்டத்து டிராக்டர். வெள்ளைக்காரன் காலத்தில் புல்வெளியில் உருளை இழுப்பதற்காகக் கப்பலில் வந்ததாம். வயலில் ஓடும் டிராக்டரின் பக்கத்தில் நிறுத்தினால் கன்றுக்குட்டி மாதிரி இருக்கும். ஏறி உட்கார்ந்து பார்த்தேன், முழங்கால் ஸ்டீயரிங்கில் இடிக்கிறது.

கூடவே வந்த மேனேஜர் தேவராஜ் ஏதோ சொன்னார். அவருக்கு அடர்ந்த மீசை, வார்த்தையில் பாதி அதற்குள்ளேயே போய்விடுகிறது. கலைவாணன்தான் எனக்கு எடுத்துச் சொன்னான். மே மாதம் பங்களாவில் மலர் விழா. அன்றைக்கு இந்த வண்டி பூ வண்டியை இழுத்துக்கொண்டு கேட்டிலிருந்து மேட்டுப் புல்வெளி வரை ஏற வேண்டும். முடியுமா?

"ஏத்திடலாம்" என்றேன்.

கலைவாணன் முகம் சுருங்கிவிட்டது. இந்தப் பட்டறையில் பாதி அவனுடையது, பாதி என்னுடையது. புல்வெட்டும் மிஷின், மருந்தடிக்கும் பம்பு, தேயிலை பறிக்கும் மிஷின் என்று குன்னூர் வட்டாரத்தில் வருவதையெல்லாம் பார்க்கிறோம். இத்தனை பழசு இதுவரை வந்ததில்லை. மேனேஜர் போன பிறகு, "கேக்காம கொள்ளாம ஒத்துக்கிட்டீங்களேக்கா" என்றான். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பான், அதனால்தான் கேட்கவில்லை.

பிப்ரவரி 5

பிஸ்டன் பிடித்துப்போயிருக்கிறது. அசைய மாட்டேன் என்கிறது. பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக மண்ணெண்ணெய் ஊற்றி வைத்தேன். சுத்தியலால் அடித்துத் தள்ளலாம் என்றான் கலைவாணன். அடித்தால் உடையும். ஊறட்டும். எனக்கு அவசரமில்லை.

பிப்ரவரி 11

ஊறுகிறது.

இன்று வண்டியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, அதனால் இவரைப் பற்றி எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் சுந்தரவேல், ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். முப்பது வருஷம் மலைப்பாதையில் டிக்கெட் கிழித்தவர். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒரு வார்த்தை பேச மாட்டார். நான் சட்னிக்கு மிக்ஸியைப் போட்டால் போதும், அடுப்படி வாசலில் வந்து நின்றுகொண்டு, "தவம்" என்று என் பேரைச் சொல்லி ஆரம்பித்து ஊர்க்கதை முழுக்கப் பேசுவார். கரண்டு பில், மகள் யாழினியின் மாமியார், பக்கத்து வீட்டு நாய், எல்லாம் மிக்ஸி ஓடும்போதுதான். அவர் பேசி முடிக்கும்வரை நிறுத்த மனசு வராமல் நானும் ஓட விடுகிறேன். சட்னி கூழாகிவிடுகிறது. என்ன புத்தியோ இந்த மனுஷருக்கு.

பிப்ரவரி 20

அசைந்தது! எஞ்சினோடு சுற்றும் கனத்த சக்கரமான ஃப்ளைவீலில் இரண்டு கையையும் வைத்து மெல்ல அழுத்தினேன். நூலளவு நகர்ந்தது. இன்னும் கொஞ்சம் மண்ணெண்ணெய், இன்னும் கொஞ்சம் அழுத்தம். மத்தியானத்துக்குள் முழுச் சுற்று வந்துவிட்டது. கலைவாணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். சிரித்துவிட்டான், மறைக்க முடியவில்லை அவனால்.

மார்ச் 2

தீப்பொறிக்குக் கரண்டு தரும் மேக்னட்டோவைப் பிரித்துச் சுத்தம் செய்து, காயிலை ஊட்டிக்கு அனுப்பிச் சுற்றி வாங்கியாகிவிட்டது. தீப்பொறி நீலமாக வருகிறது. எஞ்சின் மூடிக்கு அடியில் வைக்கும் கேஸ்கெட் எந்தக் கடையிலும் கிடைக்காது. அட்டையை எஞ்சின் மேலேயே வைத்து, உருண்டை முனைச் சுத்தியலால் ஓரம் முழுக்கத் தட்டித் தட்டி அச்செடுத்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது.

வேர்க்கடலை கடித்ததில் பின்பல்லுக்குப் போட்ட கேப் லேசாக ஆடுகிறது. பல் டாக்டருக்கெல்லாம் இப்போது நேரமில்லை.

யாழினி போன் செய்தாள். இந்த ஊரில் டவர் சுத்த மோசம். ஓசூரிலிருந்து பேசுகிறவள் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கிறது. எழுதி அனுப்பு என்று சொல்லி வைத்துவிட்டேன். "எல்லார் போனும் நல்லாத்தானே கேக்குது" என்று இவர் முணுமுணுத்தார். அதை மட்டும் வாயசைவிலேயே கண்டுபிடித்தேன்.

மார்ச் 14

இந்தத் தேதியைக் கட்டம் கட்டி வைக்க வேண்டும். வண்டி ஓடிற்று.

கயிறு சுற்றி இழுத்தது கலைவாணன். ஆறேழு தடவை தும்மியது. சோக்கைக் கொஞ்சம் தள்ளினேன். பிறகு பிடித்துக்கொண்டது பாருங்கள், பட்டறைத் தகரமெல்லாம் ஆடியது. இந்த ரகம் பெட்ரோலில் கிளம்பும், நன்றாகச் சூடான பிறகு குழாயைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். சூடாகும் முன்னால் மாற்றினால் இருமிச் செத்துவிடும். மாற்றினோம். ஓடியது.

எஞ்சினுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய ஒரே வழிதான். திருப்புளியின் முனையை எஞ்சின் உடம்பில் வைத்து, மரப்பிடியைக் காதில் அழுத்த வேண்டும். எல்லா மெக்கானிக்கும் செய்வதுதான். நான் மட்டும் சில காலமாகப் பிடியைப் பல்லில் கடித்துக்கொள்கிறேன். காதில் வைப்பதைவிடத் தெளிவாக இருக்கிறது. வால்வு தட்டுவது, பிஸ்டன் ஏறி இறங்குவது, எல்லாம் தலைக்குள்ளேயே நடப்பது போலக் கேட்கிறது. எதற்காக மாற்றினேன் என்று கலைவாணன் கேட்டான். கை சும்மா இருக்கட்டுமே என்றுதான், வேறென்ன.

மார்ச் 22

இடது கையில் சின்னக் காயம். மோதிர விரல் நகம் போயிற்று. பெல்ட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். கலைவாணன் கயிற்றை இழுத்துவிட்டான். சொல்லாமல் இழுத்தான் என்று நான் சொன்னேன். மூன்று தடவை கத்தினேன் என்று அவன் சொன்னான். தனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேனாம், தலையை ஆட்டினேனாம், சரி என்று நினைத்து இழுத்தானாம்.

கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பியபோது எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான். என் முகத்தைப் பார்த்து, ஒவ்வொரு வார்த்தையாகப் பேசினான்.

"அக்கா, இந்த வண்டி முடியட்டும். அப்புறம் நீங்க கல்லாவுல உக்காருங்க. ஓடற மிஷின்கிட்ட வரவேண்டாம்."

"கல்லாவுல நீ உக்காரு. உனக்குத்தான் கணக்கு நல்லா வரும்."

"வெளையாட்டுக்குச் சொல்லலைக்கா. இன்னிக்கு நகம். நாளைக்குக் கையே போச்சுன்னா? இழுத்தவன் நானு. எனக்குச் சோறு எறங்குமா?"

அவன் கண் கலங்கியிருந்தது. எனக்குக் கோபம்தான் வந்தது. பத்தொன்பது வயதில் கோயமுத்தூர் மோட்டார் கம்பெனியில் வைண்டிங் வேலைக்குச் சேர்ந்தேன். பெண்ணுக்கு எதற்கு ஸ்பேனர் என்றார்கள். அன்றைக்கே கேட்காதவள் இன்றைக்குக் கேட்பேனா? செத்தாலும் கல்லாவில் உட்கார மாட்டேன்.

மார்ச் 23

கை வலிக்கவே இல்லை.

மார்ச் 24

வலிக்கிறது.

ஏப்ரல் 9

பெயிண்ட். பழைய துருவைச் சுரண்டியபோது இருக்கைக்கு அடியில் கொஞ்சம் பச்சை மிச்சமிருந்தது. அதையே கலந்து அடித்திருக்கிறோம். போட்டோவில் எடுப்பாக இருக்கும், சிவப்பு அடியுங்கள் என்றார் மேனேஜர். தக்காளிக்கு நாலு சக்கரம் வைத்தது போல இருக்கும் என்றேன். கலைவாணன் திரும்பிக்கொண்டு சிரித்தான்.

நகத்துக்குப் பிறகு அவன் எதற்கும் என் தோளைத் தொட்டுத்தான் சொல்கிறான். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்கிறேன்.

ஏப்ரல் 26

காதில் அழுக்குச் சேர்ந்திருக்கும் என்று தேங்காயெண்ணெயைக் காய்ச்சி விட்டுப் பார்த்தேன். தலையணைதான் வீணாயிற்று.

மே 7

விழா பத்தாம் தேதி. வண்டி தயார், புது மணப்பெண் மாதிரி நிற்கிறது. கலைவாணன் கிளப்பிவிட்டு, "வெண்ணெய் மாதிரி ஓடுதுக்கா" என்றான். திருப்புளியைக் கடித்து முனையை எஞ்சினில் வைத்தேன்.

டக். டக். டக்.

மற்ற சத்தத்துக்கு நடுவே ஒட்டாமல் ஒரு தட்டல். ஃப்ளைவீலைத் தண்டோடு பிடித்திருக்கும் இரும்புத் துண்டு, சாவி என்போம், அது தளர்ந்திருந்தால் இப்படித்தான் தட்டும். பாரம் இழுத்து மேடு ஏறும்போது அது அறுந்தால், வண்டி பின்னால் உருளும். பின்னால் பூ வண்டி, அதைச் சுற்றி ஜனம்.

"நிறுத்து. பிரிக்கணும்."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"எனக்குக் கேக்குது."

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று எழுத மாட்டேன். "இன்னும் மூணு நாள்தான் இருக்கு" என்று மட்டும் சொன்னான். ஒரு நாள் போதும் என்று ஸ்பேனரை எடுத்தேன்.

மே 8

முழுக்கப் பிரித்தேன். ஃப்ளைவீல் சாவி அடித்து வைத்தது போல இறுக்கம். பேரிங்கும் சுத்தம். கிராங்கில் கீறல்கூட இல்லை. கலைவாணன் உதவி செய்தான். மறுபடி பூட்டி, கிளப்பி, கடித்துப் பார்த்தேன்.

டக். டக்.

மே 9

காலையில் சட்னி அரைக்கும்போது யோசனை அதிலேயே இருந்தது. என்ன தோன்றியதோ, அடுப்படி டிராயரிலிருந்த குட்டித் திருப்புளியைக் கடித்து, முனையை ஓடிக்கொண்டிருந்த மிக்ஸியின் மேல் வைத்தேன். இவர் வழக்கம்போல வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்.

டக். டக். டக்.

மிக்ஸியும் போயிற்றா என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு நாக்கால் பின்பல்லைத் தடவினேன். கேப் ஆடியது. கட்டை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுபடி கடித்தேன். தட்டலைக் காணோம்.

பட்டறைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். மறைக்க என்ன இருக்கிறது? "சத்தம் வண்டியில இல்ல கலை. என் பல்லுல."

அவன் விழுந்து விழுந்து சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சிரிக்கவில்லை. "சரிக்கா" என்றான். துணியால் கையைத் துடைத்தான். பிறகு என் எதிரில் வந்து, "நாளைக்கு நான் ஓட்டறேங்க்கா" என்றான்.

நேராக வீட்டுக்கு வந்தேன். இரண்டு வருஷத்தில் முதல் முறையாக அழுதேன். அழுததற்குப் பல்தான் காரணம்.

மே 10

விடியும் முன்பே பனி இறங்கிவிட்டது. பங்களா கேட்டில் பூ வண்டியைக் கோர்த்தாகிவிட்டது. டேலியா, கார்னேஷன், மேலே வாழைக்குலை வேறு. கலைவாணன் கயிறு சுற்றி இழுத்தான், எஞ்சின் பிடித்தது. அவன் இருக்கைக்கு வருவதற்குள் நான் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

"எறங்குங்கக்கா."

ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டேன். மேனேஜர் வாட்சைப் பார்த்தார். பூ வண்டிக்குப் பக்கத்தில் மப்ளர் சுற்றிக்கொண்டு நின்ற என் வீட்டுக்காரர், கலைவாணன் தோளில் கை வைத்து ஏதோ சொன்னார். அவன் விலகினான். ஆனாலும் சக்கரத்தை ஒட்டியே, கையில் ஒரு தடுப்புக் கட்டையை வைத்துக்கொண்டு நடந்து வந்தான். வண்டி பின்னால் உருண்டால் சக்கரத்துக்கு அடியில் போட.

மேனேஜர் சீக்கிரம் சீக்கிரம் என்று கையாட்ட, நான் அவசரப்பட்டு மண்ணெண்ணெய்க்குத் திருப்பிவிட்டேன். குளிரில் எஞ்சின் சரியாகச் சூடாகியிருக்கவில்லை. முதல் வளைவிலேயே இருமத் தொடங்கியது. இருக்கை வழியாக இடுப்பெலும்பில் தெரிந்தது அந்த இருமல். இன்னும் இரண்டு இருமலில் நின்றுவிடும், நின்றால் சரிவு. குழாயைப் பெட்ரோலுக்குத் திருப்பி, கொஞ்சம் சோக் கொடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டேன். எஞ்சின் முக்கியது. பிறகு பிடித்துக்கொண்டு ஏறியது. ஜனங்கள் கை தட்டியது பனிக்குள்ளே மங்கலாகத் தெரிந்தது.

அப்போதுதான், கூடவே நடந்து வந்த மேனேஜர் கலைவாணனிடம் பேசியது கேட்டது. எஞ்சின் அந்தப் போடு போடுகிறது, அதற்கு மேல் தொண்டை கிழியக் கத்தினார்.

"அந்தம்மா ஏன்ப்பா கூப்டா திரும்பவே மாட்டேங்குது?"

"அவங்களுக்குக் காது கேக்காது சார். ரெண்டு வருசமா. அவங்களே ஒத்துக்க மாட்டாங்க."

"அப்புறம் எப்படி அத நம்பி..."

"நம்பலாம் சார். இந்த வண்டிய அவங்களத் தவிர எவனும் எழுப்பியிருக்க மாட்டான். எனக்குப் பயம் வண்டிமேல இல்ல. அவங்க கைமேல."

நான் திரும்பாமலே, "கேக்குது கலை" என்றேன்.

கட்டை அவன் கையிலிருந்து விழுந்துவிட்டது. எனக்குமே தூக்கிவாரிப் போட்டது. பட்டறையில் அமைதியாக இருக்கும்போது பக்கத்தில் நின்று சொன்னாலும் விழாத வார்த்தை, இந்த இரைச்சலில் ஒவ்வொன்றாக விழுகிறது. மேட்டுப் புல்வெளியில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்தேன். மேனேஜர் கையைப் பிடித்துக் குலுக்கி ஏதோ பேசினார். வாய் மட்டும் அசைந்தது.

மே 11

காலையில் தேங்காயை நறுக்கி ஜாரில் போட்டேன். மிக்ஸியைப் போடவில்லை. இவர் அடுப்படிப் பக்கம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். இன்னொரு தடவை வந்தார். மூன்றாம் தடவை வந்தபோது சுவிட்சைத் தட்டினேன். வாசலில் நின்றார்.

"எப்போலேர்ந்து தெரியும்?" என்றேன்.

"பஸ்ஸுல" என்றார். மிக்ஸிக்கு மேலே சத்தமாக, தெளிவாக. "மேட்டுப்பாளையம் போனமே, உங்க அக்கா வீட்டுக் கல்யாணத்துக்கு. வீட்டுல எது சொன்னாலும் என்ன என்னன்னு கேப்ப. பஸ்ஸு முக்கிக்கிட்டு மலையேறறப்ப நான் சொன்னது அத்தனைக்கும் பதில் சொன்ன. சரி, இதுக்குச் சத்தம் வேணும்போலன்னு விட்டுட்டேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா நீ ஒத்துக்குவியா?"

மாட்டேன்தான். இரண்டு வருஷம் கூழான சட்னியை ஒரு வார்த்தை சொல்லாமல் தின்றிருக்கிறார் இந்த மனுஷர்.

எனக்குக் காது கேட்கவில்லை. என் கையால் எழுதிவிட்டேன். இதைப் படித்து யாராவது கல்லா என்று வாயைத் திறந்தால் திருப்புளியால் குத்துவேன்.

மே 16

காது டாக்டர். வயதில் சின்னவர். என்னை எதிரில் உட்காரவைத்து, கவை மாதிரி ஒரு இரும்பைத் தட்டி, காதுக்கு முன்னால் பிடித்தார். ஒன்றுமில்லை. அதே இரும்பின் அடிக்கட்டையைக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தார். கிண்ணென்று தலை முழுக்கக் கேட்டது.

"இதத்தான் டாக்டர் நான் திருப்புளியில பண்றேன்" என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு முழுக் கதையையும் கேட்டார். பல் கேப் வந்த இடத்தில் மேஜையைத் தட்டிச் சிரித்தார். கலைவாணன் சிரிக்காமல் வைத்திருந்த சிரிப்பு அது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு தாளில் படம் போட்டுக் காட்டினார். காதுக்குள்ளே அரிசி அளவு ஒரு எலும்பு இருக்கிறதாம். சத்தம் வந்தால் அது அசைய வேண்டும். எனக்கு அது இறுகிப்போய்விட்டது. உள்ளே நரம்பு நன்றாகத்தான் இருக்கிறது, அதனால்தான் எலும்பு வழியாக வைத்தால் கேட்கிறது. இரைச்சலில் எல்லாரும் கத்திப் பேசுகிறார்கள், அந்த இரைச்சல் மற்றவர்களைத் தொந்தரவு செய்கிற அளவுக்கு என்னைச் செய்வதில்லை, அதுதான் மிக்ஸி ரகசியம்.

"பிஸ்டன் புடிச்சுக்கிட்ட மாதிரிங்க" என்றேன்.

"அதேதான்."

"மண்ணெண்ணெய் ஊத்தி ஊறவெச்சா விடாதா?"

"ஆபரேஷன் இருக்கும்மா. மொதல்ல மிஷின் வெச்சுப் பாக்கலாம்."

மிஷின் என்றால் எனக்குப் பயமில்லை.

மே 17

பல் டாக்டர். கேப்பை ஒட்டியாகிவிட்டது.

மே 21

பட்டறையில் கலைவாணனைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன், நான் ஸ்டூலில், அவன் கல்லா நாற்காலியில்.

"நீ பயந்தது சரிதான். காது கேக்கலைன்னு நான் சொல்லாம இருந்தது தப்பு. ஆனா உக்கார மாட்டேன்."

"தெரியும்" என்றான். பையிலிருந்து ஒரு சிவப்பு பல்பும் வயரும் எடுத்து மேஜைமேல் வைத்தான். முன்பே வாங்கி வைத்திருக்கிறான், திருடன். மிஷினைக் கிளப்பும் முன்னால் சுவிட்சைப் போட்டால் என் கண்ணெதிரில் பல்பு எரியும். நான் இரண்டு கையையும் தூக்கிக் காட்டிய பிறகுதான் கயிற்றை இழுப்பது. இனிமேல் யாரும் கத்த வேண்டாம். அவன் சொன்னதில் ஒன்றே ஒன்றை மாற்றினேன்: அவன் குனிந்து வேலை செய்யும்போதும் இதே சட்டம், அவனும் கையைத் தூக்க வேண்டும். முறைத்தான். பிறகு ஒத்துக்கொண்டான்.

மேல்கரை பங்களாவில் கொட்டகைக்குப் பின்னால் இன்னொரு வண்டி கிடக்கிறதாம், இதைவிடப் பழசு. மேனேஜர் கேட்டு அனுப்பியிருந்தார். கலைவாணன் என் முகத்தைப் பார்த்தான். "ரெண்டு பேரும் போய்ப் பாத்துட்டுச் சொல்லுவோம்" என்றேன்.

ஜூன் 4

காது மிஷின் வந்துவிட்டது. வெள்ளரி விதை மாதிரி இருக்கிறது. இதை நானே பிரித்துப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் குழாய் சொட்டுவது கேட்டது. கடிகாரத்துக்கு முள் சத்தம் உண்டு என்பதே மறந்திருந்தது. யாழினிக்குப் போன் போட்டேன். அவள் ஹலோ என்றதும், "ஏன் இப்படிக் கத்தறே?" என்றேன். அந்தப் பக்கம் அவள் அழுவது கேட்டது. அதுவும் கேட்டது.

சாயங்காலம் தோசைக்கு மாவைக் கலக்கிக்கொண்டிருந்தேன். இவர் வாசலுக்கு வந்தார். ஏதோ சொல்ல வேண்டும் போலிருக்கிறது, பழக்கதோஷத்தில் கை நேராக மிக்ஸி சுவிட்சுக்குப் போயிற்று. ஜாரில் ஒன்றுமே இல்லை. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அதப் போடாம சொல்லுங்க" என்றேன்.

இரண்டு வருஷமாகக் கத்திக் கத்திப் பேசியவருக்கு மெதுவாகப் பேச வரவில்லை. தொண்டையைச் செருமினார். என்னைப் பார்த்தார். ஜாரைப் பார்த்தார்.

"தவம்," என்றார், "தேங்கா தீந்துபோச்சு."